ஞாபகம் கேட்காத கேள்வி: மில்வாக்கியில் தொடங்கிய ஒரு கதைமுறையின் நிகழ்வு ஆய்வு

1996-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரத்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இது தொடங்கியது. டிமென்ஷியா எனும் மறதி நோய் முற்றியவர்கள் வழிதவறிப் போய்விடாதபடி கதவு பூட்டப்பட்ட பிரிவு அது. நாடகத் துறையில் முனைவர் பட்டம் முடித்த ஆன் பாஸ்டிங் அங்கே தன்னார்வலராகப் போய்வந்தார். சின்னச் சின்ன நாடகப் பயிற்சிகள், பழைய நாட்களைப் பற்றிய பேச்சு என்று வாரக்கணக்கில் முயன்றார். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவர் ஒரு பத்திரிகையிலிருந்து மார்ல்போரோ சிகரெட் விளம்பரத்துக் கவ்பாய் படத்தைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு பெரிய வரைதாள் அட்டையும் ஒரு மார்க்கரும். இந்த ஆளுக்கு ஒரு கதை கட்டுவோம், நீங்கள் சொல்வது எதுவானாலும் எழுதிக்கொள்கிறேன், முதலில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். ‘ஃபிரெட்’ என்று ஒரு குரல் வந்தது. எந்த ஃபிரெட்? ‘ஃபிரெட் அஸ்டேர்.’ கோட்டும் உயரத் தொப்பியுமாக ஆடிய பழைய ஹாலிவுட் நடனக்காரரின் பெயர் அது. குதிரைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தாளில் ஃபிரெட் அஸ்டேர் என்றே எழுதப்பட்டது. அவர் எங்கே குடியிருக்கிறார்? ஓக்லஹோமாவில். அந்த மாநிலத்தின் பெயர் வாயில் வந்ததும் அதே பெயர் கொண்ட பழைய மேடைப் பாட்டும் வந்தது. முக்கால் மணி நேரம் கதையும் சிரிப்பும் பாட்டுமாகப் போனது.

அன்று மாறியது மூன்றே விஷயங்கள்தான்: கேள்வி, படம், தாள். ஆட்கள் மாறவில்லை, மருந்து மாறவில்லை. பிறகு டைம்ஸ்லிப்ஸ் என்ற பெயரில் இது ஒரு பயிற்சி முறையாக வளர்ந்தது. 2016-இல் பாஸ்டிங்குக்கு, படைப்பாளிகளுக்கும் அறிஞர்களுக்கும் அமெரிக்காவில் தரப்படும் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. இந்த முறையைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேள்வியைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் கணிப்பில் கேள்விக்குச் சமமான வேலையைச் செய்தது அந்தத் தாள்.

முன்பு ஏன் நடக்கவில்லை

முதியோருடன் பேச உட்கார்ந்தால் பழையதைக் கேட்பதுதான் வழக்கம். மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல், வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான வேலை என்று எழுதினார். அதன்பின் நினைவுகூரல் சிகிச்சை பல நாடுகளில் பரவியது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் அது நன்றாகவே பயன்படுகிறது. அதைக் குறை சொல்ல எதுவுமில்லை.

நோய் முற்றிய பிறகு கதை வேறு. ‘உங்க கல்யாணம் எந்த ஊர்ல நடந்தது?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு. அது இப்போது கைக்கு வராது என்பதும் பலருக்குத் தெரியும். மறந்தது மறந்துபோனாலும் மறந்துவிட்டோம் என்ற கூச்சம் பலரிடம் வெகுகாலம் நிற்கிறது. ஆகவே அவர்கள் பேசாமல் இருப்பது மந்தம் அல்ல, தற்காப்பு. மருத்துவர் கேட்கிறார், ‘இன்னைக்கு என்ன கிழமை?’ மகள் கேட்கிறாள், ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?’ செவிலியரும் வேறொன்றைக் கேட்கிறார். நாள் முழுக்க வாய்மொழித் தேர்வு.

கற்பனைக் கேள்விக்குத் தவறான பதிலே கிடையாது. கவ்பாய்க்கு என்ன பெயர் வைத்தாலும் சரிதான். இது எல்லோரும் சொல்லும் விளக்கம். உண்மையும்கூட. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது.

2007-இல் மூளை ஆய்வாளர்களான டெமிஸ் ஹஸாபிஸும் எலினார் மகுவையரும் அவர்களது குழுவினரும் லண்டனில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். (புரத வடிவங்களைக் கணினியால் கணித்ததற்காக 2024-இல் வேதியியல் நோபல் பெற்ற அதே ஹஸாபிஸ்தான்.) மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி சேதமடைந்து நினைவிழந்த 5 பேரிடம், வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதுபோன்ற புதுக் காட்சிகளைக் கற்பனை செய்து விவரிக்கச் சொன்னார்கள். 4 பேரால் சரியாக முடியவில்லை. வானம், மணல் என்று துண்டு துண்டாக வந்ததே தவிர ஒரே காட்சியாகச் சேரவில்லை. அதாவது நினைவைச் சேர்த்துக் கட்டும் இடமும் கற்பனையைச் சேர்த்துக் கட்டும் இடமும் பெருமளவு ஒன்றே. டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோய் முதலில் கை வைக்கும் இடங்களில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. பிறகு எப்படி ‘ஞாபகம் போனாலும் கற்பனை மிச்சமிருக்கும்’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியும்?

நடைமுறையைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. கண்ணை மூடிக் காட்சியை உருவாக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. காட்சி படமாகக் கண்முன்னே இருக்கிறது. ஒருவரே முழுக் கதையையும் கட்ட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு துண்டு போதும். துண்டுகளைச் சேர்த்து வைப்பது தாள். ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, நடத்துபவர் தாளைப் பார்த்துத் திரும்பப் படிக்கிறார். சேர்த்துக் கட்டும் வேலை தலைக்கு வெளியே போய்விடுகிறது. சொல்வளம், பாட்டு, நகைச்சுவை, எதிரில் இருப்பவரின் தொனியைப் பிடித்துக்கொள்வது ஆகியவை பலரிடம் வெகுகாலம் தங்கும். அவை அந்தத் தாங்கலின் மேல் நின்று வேலை செய்கின்றன. படமும் தாளும் இல்லாமல் ‘ஏதாவது ஒரு கதை சொல்லுங்க’ என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது

8 முதல் 12 பேர் வட்டமாக உட்கார்கிறார்கள். சக்கர நாற்காலிகளும் வட்டத்துக்குள்ளேயே, இரண்டாம் வரிசை என்று ஒன்று கூடாது. நடத்த ஒருவர், எழுத ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது ஆள் கிடைத்தால் காது மந்தமானவர்கள் பக்கத்தில் அமர்ந்து, மெல்லச் சொன்னதை உரக்கத் திருப்பிச் சொல்லலாம். இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால், எழுதும் நேரமெல்லாம் முதுகு காட்ட வேண்டியிருக்கும். கண் தொடர்பு அறுந்த மறுநிமிடம் வட்டம் கலைந்துவிடும்.

நேரம் காலை 10 முதல் 11.30-க்குள் அமைவது நல்லது. பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும், அப்போது எடுக்காதீர்கள். டிவியை நிறுத்துங்கள், ஒலியைக் குறைத்தால் மட்டும் போதாது. காது மிஷின் போட்டிருக்கிறதா, பேட்டரி ஓடுகிறதா, மூக்குக்கண்ணாடி துடைத்திருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் பாருங்கள். ‘ஒத்துழைப்பதில்லை’ என்று பெயர் வாங்கியவர்களில் கணிசமானவர்களின் கோளாறு இங்கேதான் இருக்கும். நடத்துபவர் ஜன்னலுக்கு எதிரே உட்கார வேண்டும். ஜன்னல் அவர் முதுகுப்பக்கம் இருந்தால் அவர் முகம் நிழலாகிவிடும், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அதிகக் கவனம் வேண்டியது படத்தேர்வில். குடும்பப் படம் வேண்டாம். அது ‘யார் இது’ என்ற தேர்வுக்கே திரும்பக் கொண்டுபோகும். பிரபலமான முகமும் வேண்டாம், கோயில் கோபுரம்போல எல்லோருக்கும் தெரிந்த இடமும் வேண்டாம். பெயர் சொல்லியதும் பேச்சு முடிந்துவிடும். மலர், மலை, சூரியாஸ்தமனம் மூன்றும் அழகானவை, ஆனால் அவற்றில் ஏதும் நடக்கவில்லை. தேவையானது, யாரோ ஏதோ செய்துகொண்டிருக்கும், ஏன் செய்கிறார்கள் என்பது தெரியாத படம். மொபெட்டின் பின்சீட்டில் ஓர் ஆடு. பட்டுப்புடவை கட்டிக் கேரம் ஆடும் இரண்டு பெண்கள். கொஞ்சம் அபத்தம் இருப்பது நல்லது, ‘இது விளையாட்டு’ என்று படமே சொல்லிவிடும். ஏ4 அளவில் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். பின்னணி நெரிசல் இல்லாத, நடுவில் ஒரே பொருள் தெளிவாகத் தெரிகிற படமாக இருக்கட்டும். லேமினேட் செய்தால் விளக்கொளி பட்டுக் கண் கூசும், சாதாரணக் கெட்டித்தாளே நல்லது.

முதலில் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வரவேற்பு. சென்ற வாரக் கதையை வாசித்துக்காட்டுங்கள். ‘இதை நான் சொல்லவே இல்லை’ என்று சிலர் சொல்வார்கள், வாதாடத் தேவையில்லை. பிறகு படம், பிறகு கேள்வி.

கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். ‘இது எந்த ஊர்?’ என்று கேட்டால் சரியான ஊர் ஒன்று இருக்கிறது என்று பொருள். ‘இது எந்த ஊர்னு வச்சுக்கலாம்?’ என்றால் இல்லை. அந்த ‘வச்சுக்கலாம்’தான் பூட்டைத் திறக்கிறது. இவங்களுக்கு என்ன பேர் வைக்கலாம், இப்ப இங்க என்ன சத்தம் கேக்குது, என்ன வாசனை வருது, ஆடு மனசுல என்ன நினைச்சுக்கிட்டிருக்கு என்று போகலாம். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளைக் கடைசிக்கு வையுங்கள். காரணம் சொல்வது கடினம், கேட்பதும் அதட்டலாகத் தொனிக்கும். ‘ஆமாம்/இல்லை’ கேள்விகளை முற்றிலும் விலக்குவார்கள் சிலர். பேச்சு மிகவும் குறைந்தவர்களுக்கு ‘சந்தோஷமா, கோவமா?’ என்று இரண்டில் ஒன்று கொடுப்பது தவறில்லை.

ஒரு கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள், வரவில்லையென்றால் மறுபடி பத்து. புதிதாக நடத்துபவர்கள் மூன்று விநாடியில் பொறுமையிழந்து அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் கேட்பார்கள். கேள்வியைக் காதில் வாங்கியவரின் மூளை முதல் கேள்வியை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருக்கும். புதிய வார்த்தைகள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வந்த பதிலை அதே தொனியில், அதே கையசைவோடு திருப்பிச் சொல்லுங்கள். சொன்னவருக்குத் தன் சொல் போய்ச்சேர்ந்தது தெரியும், மற்றவர்களுக்கும் காதில் விழும். எழுதுபவர் சொன்னது சொன்னபடியே எழுதுகிறார், தடித்த மார்க்கரில், பெரிய எழுத்தில். ‘ஆட்டுக்குப் பேரு கலெக்டர்’ என்றால் கலெக்டர். இன்னொருவர் ‘இல்ல, முத்து’ என்றால் ‘பெயர் கலெக்டர், முத்து என்றும் கூப்பிடுவார்கள்’. ஒன்றை அடித்து இன்னொன்றை எழுதினால் ஒருவர் தேர்வில் தோற்றுப்போகிறார். ‘ம்ம்ம்… டட்டடா’ என்று ஒலி மட்டும் வந்தால் அந்த ஒலியையே எழுதுங்கள், தமிழ் எழுத்தில் அதற்குச் சிரமமே இல்லை. கையைச் சுழற்றினால் ‘கையைச் சுழற்றுகிறார்’ என்று எழுதுங்கள். திருப்பிப் படிக்கும்போது அந்த இடத்தில் அதே ஒலியையும் அசைவையும் செய்யுங்கள்.

ஐந்தாறு பதிலுக்கு ஒருமுறை, கதையை முதலிலிருந்து அதுவரை படித்துக்காட்ட வேண்டும். இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் முறையின் முதுகெலும்பு இதுதான். படிக்காமல் கேள்வி மட்டும் போய்க்கொண்டிருந்தால் 15 நிமிடத்தில் அது கதையாக இல்லாமல் உதிரிச் சொற்களாகிவிடும், அறையில் கவனமும் உதிர்ந்துவிடும். 35, 40 நிமிடத்தில் முடிவைக் கேளுங்கள், தலைப்பைக் கேளுங்கள், முழுவதையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

எங்கே கெடுகிறது

பெரும்பாலான சேதம் நல்ல எண்ணத்தால் வருவது. எழுதுபவர் இலக்கணம் திருத்துகிறார், குடும்பத்தார் படித்தால் நன்றாக இருக்கட்டுமே என்று. வாக்கியம் நன்றாகிறது, ஆனால் அதைச் சொன்னவருக்கு அது தன்னுடையதாகக் கேட்பதில்லை. நடத்துபவர் தன் மனதில் ஒரு கதையை வைத்துக்கொண்டு ‘அப்போ ஆடு சந்தைக்குத்தானே போகுது?’ என்று தள்ளுகிறார். உடனே ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். அது ஒப்புதல் அல்ல, மரியாதை.

நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவது இன்னொன்று. அவரை அடக்காதீர்கள். பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, எழுந்துபோய் ஒவ்வொருவர் முன்னும் கண்மட்டத்துக்குக் குனிந்து தனியாகக் கேளுங்கள்.

குழந்தைக் குரல் வேண்டவே வேண்டாம். ‘அச்சச்சோ, எவ்ளோ அழகா சொல்லிட்டாங்க’ என்று கைதட்டினால், வாழ்நாளில் நாலு வீடு கட்டி நாற்பது பேரை மேய்த்தவர் அப்போதே வாயை மூடிக்கொள்வார். நம் இல்லங்களில் எல்லோரையும் பாட்டி, தாத்தா என்று அழைப்பதும் இந்த இடத்தில் ஒரு தடைதான். ஓய்வுபெற்ற ஆசிரியையை ‘டீச்சர்’ என்று அழைத்துப் பாருங்கள், உட்காரும் விதமே மாறும்.

நிஜ நினைவு நடுவில் வந்து அழுகையாகலாம். படத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தன் அக்காவின் பெயரை வைத்தவர் அக்காவை நினைத்து அழுகிறார். துருவிக் கேட்காதீர்கள், பேச்சை மாற்றவும் வேண்டாம். ‘உங்க அக்கா பேரைத்தான் இவங்களுக்கு வச்சிருக்கோம்’ என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருங்கள். கதை அதைத் தாங்கும். கெட்ட வார்த்தையும் வரும், கிண்டலும் வரும். கதாபாத்திரத்தின் மேல் விழுந்தால் எழுதிவிடலாம். வட்டத்தில் இருக்கும் ஒருவர் மேல் விழுந்தால் எழுதக் கூடாது, கேள்வியை வேறு ஆளிடம் கொண்டுபோக வேண்டும்.

குடும்பத்தார் முதல்முறை அந்தத் தாளைப் பார்த்து அதிர்வதுண்டு. ‘எங்கப்பாவோட புலம்பலை எழுதி ஒட்டியிருக்கீங்களா?’ வாசகங்களை மட்டும் அனுப்பாமல் படத்தோடு சேர்த்து, எப்படி எழுதப்பட்டது என்று நாலு வரி எழுதி அனுப்பினால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

சான்று எவ்வளவு

2009-இல் ‘ஜெரன்டாலஜிஸ்ட்’ என்ற முதுமையியல் ஆய்விதழில் ஃபிரிட்ச், பாஸ்டிங் உள்ளிட்ட குழுவின் ஆய்வு வந்தது. 20 பராமரிப்பு இல்லங்களை 10 இணைகளாக்கி, இணைக்கு ஒன்றில் மட்டும் வாரம் ஒரு மணி நேரம் என்று 10 வாரம் இந்த முறையை நடத்தினார்கள். நடந்த இல்லங்களில் முதியோர் கூடுதல் ஈடுபாட்டோடும் விழிப்போடும் இருந்தார்கள், ஊழியர்கள் அவர்களோடு அடிக்கடி பேசினார்கள், ஊழியர்களின் பார்வையும் மேம்பட்டது. ஊழியர்களின் வேலைத் திருப்தியிலும் சலிப்பிலும் வித்தியாசம் தென்படவில்லை. பலரும் மேற்கோள் காட்டும்போது இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். 2010-இல் ஃபிலிப்ஸ் குழுவினர் 56 பேரிடம் வாரம் இருமுறை என்று 6 வாரம் நடத்திய ஆய்வில் மகிழ்ச்சியும் சிலவகைப் பேச்சுத் தொடர்பும் கூடியதாகப் பதிவானது.

இவை எதுவும் நினைவு திரும்பியதாகவோ நோய் மெதுவானதாகவோ சொல்லவில்லை. அப்படிச் சொல்லி இதை விற்பவர்களை நம்பாதீர்கள்.

2009-இன் வடிவமைப்பில் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலர் வந்து நடத்திவிட்டுப் போகும் இடங்களில் முறை அவரோடு வந்து அவரோடு போய்விடும். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் ‘கலெக்டர் இன்னிக்கு எங்க போனாரு?’ என்று கேட்கக்கூடியவர் ஊழியர்தான். பின்னாளில் மில்வாக்கி பகுதியில் லூதர் மேனர் என்ற முதியோர் வளாகத்தில், ஒடிசி என்ற பழைய கிரேக்கக் காவியத்தை, கணவனுக்காகக் காத்திருக்கும் பெனலோபியின் பக்கமிருந்து இரண்டாண்டுகள் ஆராய்ந்து 2011-இல் நாடகமாக்கினார்கள். குடியிருப்போர், ஊழியர்கள், மாணவர்கள், தொழில்முறை நடிகர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்த அளவுக்குப் பணமும் ஆளும் எல்லா இடத்திலும் கிடைக்காது. வாராந்திர வட்டத்துக்கு வரைதாள், இரண்டு மார்க்கர், பத்துப் பன்னிரண்டு ஜெராக்ஸ், இரண்டு ஆட்கள் போதும்.

வீட்டில் ஒருவரோடு மட்டும் செய்வதானால் சில மாற்றங்கள் வேண்டும். நேரம் 15, 20 நிமிடம். குழு இல்லாததால் துண்டுகள் குறைவாக வரும், அந்த இடைவெளியை நீங்களும் ஒரு வரி சொல்லி நிரப்பலாம். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டாதீர்கள். உங்கள் வரி எப்போதும் கேள்வியில் முடியட்டும்: ‘ஆடு இறங்க மாட்டேங்குதும்மா, இப்ப என்ன பண்றது?’ எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், இருவரும் படத்தைப் பார்க்கும்படி. எதிரில் உட்கார்ந்தால் அது மறுபடி விசாரணையாகிவிடும். செல்போனில் தட்டச்சு செய்யாதீர்கள், தன் சொல் எழுத்தாவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது பொருந்தும். கை ஓடுவது அவர்களுக்கும் தெரிகிறது. ஒருநாள் ஒன்றுமே வரவில்லையென்றால் படத்தை மாற்றிப் பாருங்கள். மூன்று படத்துக்கும் வராவிட்டால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தூக்கமின்மை இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திடீரென்று பேச்சு குறைந்தால் கதையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.